ஒன்பதாம் நம்பர் ரூமுக்கு நேரே ஒரு வரி

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கமலம் லாட்ஜில் பதினான்கு அறைகள். அவற்றில் தங்கிப் போனவர்களின் பெயர்களை ஒன்பது வருடமாகத் தன் கையால் எழுதி வந்தவர் இளையபெருமாள். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் நான்கு அண்ணன்களுக்குப் பின் பிறந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லித்தான் லாட்ஜ் முதலாளி வேணுகோபால் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

படியேறி வரும் ஆளைப் பார்த்தவுடனே இளையபெருமாள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். இவர் பத்திரப்பதிவுக்கு வந்தவர், இவர் ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டு வந்தவர், இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி இல்லை. பெரும்பாலும் தப்பாது. ஆட்களை அப்படி உற்றுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு லாட்ஜில் வந்ததல்ல. அது எண்பத்தேழில் வந்தது.

அந்த வருடம் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து ரயில் கவிழ்ந்தது. சுற்றுவட்டாரத்தில் இளவட்டங்கள் பலரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. இளையபெருமாளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று செட்டிகுளம் மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்த்திருந்தார். தாடியும் பையும் வைத்திருந்த அவரை ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். இறக்கிய போலீஸ்காரர் கையில் இருந்த சீட்டில் அவர் பெயர் இருந்தது, அப்பா பெயரோடு, தெருப் பெயரோடு. பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை, போ என்றார்கள்.

உள்ளங்காலில் வாங்கிய அடி ஆறிவிட்டது. ஆனால் தன் பெயரைச் சொன்னது யார் என்று தெரியவே இல்லை. தெருவில் யாரோ ஒருவன் சொல்லியிருக்கிறான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவனும் வந்து போகிறான், ஒருவேளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் போகிறான். இவனா, அவனா என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் அவர் மனைவி மலர்கொடியையும் குழந்தை பானுப்ரியாவையும் அழைத்துக்கொண்டு அரியலூருக்குக் குடிவந்தார்.

தொண்ணூற்றெட்டில், மாசி பிறந்த மறுநாள், கோயம்புத்தூரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. நாடாளுமன்றத் தேர்தல் நேரம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேணுகோபால் லாட்ஜுக்கு வந்தார். கல்லாவில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"பெருமாளு, ஒரு பத்துப் பதினஞ்சு நாளைக்கு பாய்மாருங்க யாருக்கும் ரூம் குடுக்க வேணாம்."

"வழக்கமா வர்றவங்க இருக்காங்களே மொதலாளி."

"யாரா இருந்தா என்ன. ரூம் இல்லன்னு சொல்லிடு. சண்டை போடாத, மரியாதையாவே சொல்லு. நமக்கு எதுக்கு வம்பு."

அன்று மத்தியானமே வளையல் வியாபாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். வருடத்துக்கு நாலு தடவை வருகிறவர்கள். இளையபெருமாள் ரூம் இல்லைங்க என்றார். அவருக்குப் பின்னால் பலகையில் ஒன்பது சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இருவரில் மூத்தவர் சாவிகளைப் பார்த்தார். பிறகு இளையபெருமாளைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஏட்டு அரியமுத்து டைப் அடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கியிருப்பவர்களின் பட்டியல் தினமும் காலை எட்டு மணிக்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். பெயர், ஊர், வந்த காரணம் என்று கட்டங்கள் போட்டிருந்தது. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'குறிப்பு'.

"இதுல என்ன எழுதணும் ஏட்டய்யா?"

"ஆளு மேல சந்தேகம்னா ஒரு வார்த்தை எழுது. நீ எழுதாம விட்டு நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வையி, உன் பேரை நான் எழுத வேண்டி வரும். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, பழைய ஆளு."

பழைய ஆளு என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இளையபெருமாள் தாளை மடித்து ரிஜிஸ்டருக்குள் வைத்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தச் சீட்டு இன்னும் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

ஊர் ஒரே வாரத்தில் மாறிப்போனது. வீரமணி என்று ஒரு கட்சிக்காரர் இருந்தார். அதுவரை கூட்டங்களுக்கு நாற்காலி போடுகிறவராகத்தான் பலருக்கும் தெரியும். அவர் ஓர் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகப் போனார். "தாய்மார்களே, கேட்பாரற்றுக் கிடக்கும் பை, டிபன் பாக்ஸ், டிரான்சிஸ்டர் எதையும் தொடாதீர்கள். தெரியாத முகம் தென்பட்டால் விழிப்புக் குழுவிடம் சொல்லுங்கள். ஆபத்து கோயம்புத்தூரோடு நின்றுவிடவில்லை. உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றக்கூடியவர்கள் யார் என்று யோசித்து ஓட்டுப் போடுங்கள்." அறிவிப்பு எங்கே முடிகிறது, ஓட்டுக் கேட்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதன்பிறகு எல்லோருக்கும் எல்லாமே தெரிந்துவிட்டது. பால் கேனில் வைத்துக் கொண்டுவருகிறார்களாம். கோயில் குளத்துக்கு வழி கேட்ட பெண்ணின் கால் ஆம்பளைக் கால் மாதிரி இருந்ததாம். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்த்தவரிடம் கேட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அரிசி மில் வாசலில் யாரோ மறந்துபோய் நிறுத்திய சைக்கிளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வருடக்கணக்காகக் கறிக்கடை வைத்திருந்தவர், வியாபாரம் போகாமல் கடையைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் ஊருக்குப் போனார். போனதும், ஏன் போனான் என்று அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, மழுமழுவென்று அன்றைக்குத்தான் சவரம் செய்த முகம். தோளில் தொங்கிய காக்கிப் பை ஒரு பக்கமாக அவரைச் சாய்த்தது. ரிஜிஸ்டரில் சேகர், தஞ்சாவூர், வேலை விஷயம் என்று எழுதினார். பேனாவை வைத்துக் கொஞ்சம் நிறுத்தித்தான் 'சேகர்' என்று எழுதினார். இளையபெருமாள் அதைப் பார்த்துவிட்டார். ஒன்பதாம் நம்பர் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் அந்த ஆள் வெளியே போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். படியேறும்போது இளையபெருமாள் பின்னாலிருந்து, "சேகர் சார்" என்று கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது திடுக்கிட்டுத் திரும்பினார்.

"காப்பி ஏதும் வேணுமான்னு கேட்டேன்."

"வேணாங்க. ஆபீஸ்ல எல்லாரும் எலெக்சன் வேலையாப் போயிட்டாங்களாம். நாளைக்கு வரச் சொன்னாங்க. ரூம்லயே இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் அறை கூட்டும் ரெங்கம்மாள் வந்து நின்றாள். "அண்ணே, ஒம்போதுல கட்டிலுக்கு அடியில ஒரு பை கெடக்கு. நவுத்தப் போனேன், தொடாதம்மான்னு பதறிட்டாரு. இரும்பு கணக்கா கனக்குது. ஒயரெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

அன்று முழுவதும் இளையபெருமாளுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. அந்த ஆள் ஏன் பெயரை மாற்றி எழுதியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பலகையில் தொங்கிய சாவிகளைப் பார்த்த வளையல் வியாபாரியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த ஆளும் நாலு லாட்ஜில் ஏறி இறங்கியிருப்பார். ஐந்தாவது லாட்ஜில் சேகர் ஆகியிருப்பார். அப்படித்தான் இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. ஒயர் எதற்கு என்று இன்னொரு மனசு கேட்டது. மேலே போய், என்ன வேலையாக வந்தீர்கள், பையில் என்ன என்று கேட்டிருக்கலாம். பதினாறு படிதான். அவர் ஏறவில்லை. கேட்டுவிட்டு எழுதாமல் விட்டால் தானும் கூட்டு என்றாகிவிடுமே என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலைப் பட்டியலில் ஒன்பதாம் நம்பருக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'பெயர் உண்மையானதாகத் தெரியவில்லை. கனமான பை ஒன்று வைத்துள்ளார்.' எழுதி முடித்ததும் மனசு லேசானது. அந்த லேசைத்தான் பின்னாளில் அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. லாட்ஜைக் காலி செய்தார்கள். பஸ்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆளைக் கையைப் பின்னால் கட்டிக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார்கள். "சார், அது தையல் மிஷின் சாமான் சார். மோட்டாரு சார். கட்டை அவுத்து விடுங்க, நானே தொறந்து காட்டுறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீளமான கொக்கிக் கம்பால் பையை இழுத்துக்கொண்டு போய், பின்னாலிருந்த காலி மனையில் மணலுக்கு நடுவில் வைத்தார்கள். நிபுணர்கள் திருச்சியிலிருந்து வர வேண்டும் என்று மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

அந்த மூன்று மணி நேரம் வீரமணியின் ஆட்டோவுக்குப் போதுமானதாக இருந்தது. கடைகள் மூடின. பள்ளிக்கூடங்களில் கேட்டுகளைத் திறப்பதற்குள் பிள்ளைகள் சுவரேறிக் குதித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. திருச்சி ரோட்டில் ஓடும் பஸ்ஸில் தொற்றப் போன கர்ப்பிணி ஒருத்தி விழுந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஒரு மணிக்கு மேல் பையைத் திறந்தார்கள். மூன்று சின்ன மோட்டார்கள், பெல்ட்டுகள், ஒரு டப்பா நிறைய பாபின் கேஸ், எண்ணெய்க் குப்பி, டிபன் பாக்ஸில் காய்ந்துபோன இரண்டு சப்பாத்தி. பார்த்தவர்கள் போலீஸ்காரர்களைத் தவிர ஐந்தாறு பேர்தான். இளையபெருமாள் ஒருவர். வீரமணியும் ஒருவர். வீரமணி பையை எட்டிப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், போய்விட்டார்.

அந்த ஆளின் பெயர் ஜபருல்லா. அய்யம்பேட்டை. பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஓடாமல் கிடந்த மிஷின்களைச் சரிபார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். குண்டு இல்லை என்று ஆன பிறகும் விடவில்லை. பொய்ப் பெயர் கொடுத்துத் தங்கினார் என்று ஒரு வழக்கு எழுதி, பையையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் வீரமணி பேசினார். குண்டு என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. "பெரிய சதி ஒன்று இன்று நம் ஊரில் முறியடிக்கப்பட்டது. அதை முறியடித்தவர் அதிகாரி அல்ல, நம்மைப் போல ஒரு சாதாரண மனிதர்" என்றார். இளையபெருமாளை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார். கீழே ஆயிரம் பேர் கைதட்டினார்கள். இளையபெருமாள் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

வீட்டில் பானுப்ரியா பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடந்தாள். மலர்கொடி சோறு போட்டபடி கேட்டாள்.

"பையில என்னதாங்க இருந்துச்சு?"

"மோட்டாரு."

"என்ன மோட்டாரு?"

"தையல் மிஷினு மோட்டாரு."

அவள் கரண்டியை நிறுத்திவிட்டாள். "அதை மேடையில சொல்லிருக்கலாம்ல?"

"மைக்கை எங்கிட்ட குடுக்கல."

"குடுத்திருந்தா சொல்லிருப்பீங்களா?"

அவர் பானுப்ரியாவைக் கூப்பிட்டு, அதைக் கழற்றிப் பெட்டியில் வை என்றார்.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலானது. இளையபெருமாள் அரசுத் தரப்புச் சாட்சி. முந்தின நாள் வேணுகோபால் அவரை உட்காரவைத்துப் பேசினார். "பேரை மாத்தி எழுதுனாரு, சந்தேகம் வந்துச்சு, தகவல் குடுத்தேன். அவ்வளவுதான். வேற எதையும் வாயில வச்சுக்காத." ஏட்டு அரியமுத்துவும் அதையே சொன்னார்.

கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில், ஜாமீனில் வந்திருந்த ஜபருல்லா நின்றுகொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். இளையபெருமாள் தூரத்திலேயே நின்றார். பிறகு கிட்டே போனார்.

"பாய், என்னைத் தெரியுதுங்களா?"

"தெரியுது. லாட்ஜு."

"உங்களைப் பத்தி எழுதிக் குடுத்தது நான்தாங்க. யாருன்னு தெரியாம நீங்க தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்றேன். எனக்கும் முன்னாடி ஒரு தடவை இப்படி ஆச்சு. யாரு சொன்னாங்கன்னு இன்னைய வரைக்கும் தெரியல."

ஜபருல்லா மரத்தில் சாய்ந்துகொண்டார். "ஸ்டேஷன்லயே அந்தத் தாளைக் காட்டித்தான் அடிச்சாங்க. கையெழுத்து நல்லா இருந்துச்சு." பிறகு, "என்னை மேல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க" என்றார்.

"கேட்டிருக்கலாங்க."

உள்ளே கூப்பிட்டார்கள்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் இளையபெருமாள் சொல்லிக்கொடுத்தபடியே பதில் சொன்னார். அடுத்து ஜபருல்லாவின் வக்கீல் எழுந்தார். சின்ன வயசுக்காரர்.

"அந்த வாரம் உங்க லாட்ஜுல முஸ்லிம்களுக்கு ரூம் குடுத்தீங்களா?"

இளையபெருமாள் பின்வரிசையைப் பார்த்தார். வேணுகோபால் உட்கார்ந்திருந்தார்.

"குடுக்கலைங்க."

"காலி இல்லையா?"

"ஒம்போது ரூம் காலியா இருந்துச்சுங்க. ரெண்டு பேரு வந்தாங்க. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யார் சொல்லி?"

"முதலாளி சொன்னாரு. நான் செஞ்சேன்."

"இவர் தன் சொந்தப் பேரை எழுதியிருந்தா?"

"நான் ரூம் குடுத்திருக்க மாட்டேங்க."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மாதம் ஜபருல்லாவை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது. பையையும் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று மோட்டாரில் இரண்டுதான் இருந்தது, இரண்டும் துருப்பிடித்திருந்தன. அவர் அன்றே பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அரியலூர்ப் பக்கம் வேலைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இளையபெருமாளின் வேலை சாட்சி சொன்ன அன்று சாயங்காலமே போய்விட்டது. வேணுகோபால் கோபப்படவில்லை. ரிஜிஸ்டரை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நாளைக்கு வர வேணாம்" என்றார். அதைவிட வீரமணி செய்தது பெரிது. டீக்கடையில் உட்கார்ந்து, "அவன் அந்தக் காலத்துலயே பன்னெண்டு நாளு உள்ள இருந்தவன்தானே. ரெண்டு பக்கமும் தொடர்பு இல்லாமயா இப்ப போயி சாட்சி சொல்றான்?" என்றார். அவ்வளவு போதும். ஏட்டு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, யார் யார் வந்து போகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரி மலர்கொடியோடு பேச்சை நிறுத்தினாள். பொன்னாடை போர்த்தியபோது கைதட்டிய தெருதான். பானுப்ரியா ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, நீங்க யாரு பக்கம்னு கேக்குறாங்க" என்றாள். அவர் அந்தக் கோடைலீவிலேயே வீட்டைக் காலி செய்தார்.

பெரம்பலூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. பஸ் வரும் நேரமும் போகும் நேரமும் எழுத வேண்டும். மனிதர்களின் பெயர்களை எழுத வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பானுப்ரியா நர்சிங் படித்து திருச்சியில் வேலைக்குப் போனாள். வீரமணி அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலர் ஆனார்.

ஆனால் ஆளை உற்றுப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது பையை வைத்துவிட்டு நகர்ந்தால் அவர் கண் தானாகவே அங்கே போய் நின்றுவிடும். போனதும் எழுந்து போய், "ஐயா, இது உங்க பைங்களா?" என்று கேட்டுவிடுவார். ஒவ்வொரு தடவையும் கேட்டார். பெரும்பாலும் யாராவது தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான ரெண்டாயிரத்து ஏழாம் வருடக் கடைசியில், ஒரு மத்தியானம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு வெளியூர்க்காரர் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுக் கலெக்டர் ஆபீஸில் வேலை, அங்கேதான் போகிறேன் என்றார். பேச்சுவாக்கில், "அந்த ஊர்ல ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னாங்க. ஒரு லாட்ஜுல அஞ்சு குண்டு எடுத்தாங்களாமே. ரெண்டு பேரு மாடியிலேருந்து குதிச்சு ஓடிட்டாங்களாம்" என்றார்.

"குண்டு இல்லைங்க. தையல் மிஷின் மோட்டாரு. மூணு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் அப்ப அந்த லாட்ஜுலதான் வேலை பாத்தேன். வந்தவரும் ஒருத்தர்தான். யாரும் குதிக்கல."

வெளியூர்க்காரர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். இளையபெருமாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை என்னவென்று இளையபெருமாளுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் காலடியில் இருந்த தன் பெட்டியைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

இளையபெருமாள் ஊரைச் சொன்னார். தன் பெயரையும் அப்பா பெயரையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். பிறகு துறையூர் வண்டி உள்ளே திரும்பும் சத்தம் கேட்டது. கிளாஸை வைத்துவிட்டு, நேரம் எழுத எழுந்து போனார்.